ஹுக்காபர்தாரின் நெருப்பு

1779 அக்டோபரில் கல்கத்தாவில் வாரன் ஹேஸ்டிங்ஸ் தம்பதியர் தங்கள் வீட்டு இசைநிகழ்ச்சிக்கும் இரவு விருந்துக்கும் அனுப்பிய அழைப்பிதழ் ஒன்று காலனிய வரலாற்று நூல்களில் திரும்பத் திரும்ப வரும். அதில் ஒரு சின்ன நிபந்தனை. விருந்தினர் வேலைக்காரர் யாரையும் கூட்டிவர வேண்டாம், ஹுக்காபர்தாரைத் தவிர. குடை பிடிக்கிறவன், விசிறுகிறவன், பின்னால் நின்று பரிமாறுகிறவன் எல்லாரும் வீட்டிலேயே இருக்கலாம். ஹுக்காவைப் பார்த்துக்கொள்பவன் மட்டும் வந்தாக வேண்டும். அப்படி என்ன அவனிடம் இருந்தது?

நெருப்பு இருந்தது. சுருட்டைப் பற்றவைத்தால் அது தானாகக் கனன்றுகொண்டிருக்கும். ஹுக்காப் புகையிலை அப்படியில்லை. வெல்லப்பாகு சேர்த்துப் பிசைந்த ஈரமான சரக்கு அது. தீக்குச்சியைக் காட்டினால் ஒன்றும் நடக்காது. சிலிம் எனப்படும் மண்கிண்ணத்தில் அதை வைத்து, மேலே கனிந்த கரித்துண்டுகளை அடுக்கி, அந்தச் சூட்டில் மெல்ல வாட்ட வேண்டும். சூடு ஏறினால் புகையிலை கருகித் தொண்டையை அறுக்கும். இறங்கினால் குழாயில் வெறும் காற்றுதான் வரும். ஒரு சிலிம் தீர வெகுநேரம் ஆகும், அதுவரை யாராவது கரியைத் திருப்பி, சாம்பலைத் தட்டி, புதுக்கரி மாற்றிக்கொண்டே இருக்கணும். துரை இழுத்தார், மற்றதெல்லாம் அவன் வேலை.

இந்தச் சரித்திரத்தின் தொடக்கத்திலேயே நெருப்புக்கு ஒரு தனி இடம் உண்டு. பீஜப்பூருக்குத் தூது போய்த் திரும்பிய ஆசாத் பேக், 1604-05 வாக்கில் அக்பருக்குப் புகையிலையைக் கொண்டுவந்து காட்டியதைத் தானே எழுதிவைத்திருக்கிறார். மணி பதித்த நீண்ட குழாயோடு, பற்றவைப்பதற்கென்று பொன்னில் செய்த ஒரு கலமும் அந்தக் காணிக்கையில் இருந்தது. பாதுஷா சில இழுப்பு இழுத்தார். அரண்மனை வைத்தியர் தடுத்தார். ஆசாத் பேக் வாதாடினார். பிரபுக்கள் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிப்போனார்கள். 1617இல் ஜஹாங்கீர் புகைக்கத் தடை போட்டும் பழக்கம் நின்றபாடில்லை.

ஹுக்காவைக் கண்டுபிடித்தவர் அக்பரின் வைத்தியர் ஹக்கீம் அபுல் ஃபத் கீலானி என்று ஒரு கதை இன்றும் சுற்றுகிறது. புகையைத் தண்ணீருக்குள் விட்டால் நஞ்சு போய்விடும் என்று அவர் சொன்னாராம். தேதிகள் இடிக்கின்றன. கீலானி இறந்தது 1589இல். ஆசாத் பேக்கின் புகையிலை அக்பரின் சபைக்கு வந்தது அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து. ஆனாலும் கதை சாகவில்லை, ஏனென்றால் அதில் ஆறுதல் இருக்கிறது. ஒரு வைத்தியரின் பெயரும் கொஞ்சம் தண்ணீரும் சேர்ந்தால் எந்தப் புகையும் சுத்தமாகிவிடும் அல்லவா?

கரிக்கு வருவோம். வட இந்தியாவில் இதற்கென்றே ‘குல்’ செய்தார்கள். கரித்தூளை அரிசிக் கஞ்சி போன்ற பசையில் பிசைந்து உருட்டி வெயிலில் காயவைப்பது. பொறி பறக்காமல், ஒரே சீராக, நின்று எரியும். துருக்கியிலோ கருவாலி மரக்கரிதான் உசத்தி. நல்ல நார்கிலேவுக்கு நான்கு வேண்டும் என்று அங்கே ஒரு பழஞ்சொல் உண்டு: இடுக்கி, கருவாலிக்கரி, உட்கார ஒரு மூலை, பரிமாற ஆயிஷா. நாலில் இரண்டு நெருப்பைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். சரியாகப் பழுக்காமல் புகைந்து தலைவலி கொடுக்கும் கரிக்கு ‘மர்சிக்’ என்று தனிப்பெயரே வைத்திருந்தார்கள். மர நகரமான இஸ்தான்புல் நெருப்புக்குப் பயந்த ஊரும்கூட. 1633இல் பெருந்தீ நகரத்தின் ஒரு பெரிய பகுதியைத் தின்ற பிறகு நான்காம் முராத் சுல்தான் புகையிலையைத் தடைசெய்து காப்பிக் கடைகளையும் மூடினார். அதில் அரசியலும் இருந்தது, ஆனால் சாக்கு நெருப்புதான்.

கரியைப் பழுக்கவைக்கும் கலை நமக்கும் புதிதல்ல. சாம்பிராணி போடுகிறவர்களுக்கும், கரிப்பெட்டியில் துணி தேய்க்கிறவர்களுக்கும் தெரியும். “அவசரப்படாதீங்க, கரி கனியட்டும்” என்பார்கள். கரி கறுப்பாக இருக்கும்போது அதிலிருக்கும் ஈரமும் பிசினும் புகைந்து போகணும். எல்லாப் பக்கமும் சிவந்து, மேலே வெண்சாம்பல் படர்ந்தால்தான் பக்குவம். நீறு பூத்த நெருப்பு என்பதை நாம் அடக்கிவைத்த கோபத்துக்குச் சொல்கிறோம். ஹுக்காக்காரனுக்கு அது தினசரி வேலையின் இலக்கு.

ஆனால் நெருப்பில்லாமல் புகையாது என்ற பழமொழியை இங்கே திருப்பிப் போட வேண்டும். புகையே இல்லாத இந்தக் கங்குதான் ஆபத்தானது. கரி எரிந்து உண்டாகும் கார்பன் டை ஆக்சைடு, சிவந்த கரியின் ஊடே போகும்போது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் அது கரைவதும் சொற்பம், எனவே குழாயின் தண்ணீர் அதைத் தடுக்காது. தண்ணீர் புகையைக் குளிர்விக்கிறது, அவ்வளவுதான். ஹக்கீமின் பெயரில் சொல்லப்பட்ட ஆறுதலை உலக சுகாதார நிறுவனம் 2005இல் வெளியிட்ட அறிவுரைக் குறிப்பு மறுத்தது.

இப்போது கல்கத்தா விருந்துக்குத் திரும்பிப் பாருங்கள். 1789-90இல் வங்காளத்துக்கு வந்த பிரெஞ்சுக்காரர் கிராண்ப்ரே, ஹுக்காபர்தார்கள் பக்கத்து அறையில் ஆளுக்கொன்றாக ஹுக்காவைத் தயார்செய்து, உணவு முடியும் நேரத்தில் மொத்தமாக உள்ளே வருவதை விவரிக்கிறார். துரைமாருக்கு மேசையும் பன்னீர் கலந்த குளிர்ந்த புகையும். பக்கத்து அறையில் பத்திருபது பேர் குனிந்து கரியை ஊதிக்கொண்டிருந்தார்கள். அந்த அறைக் காற்று எப்படி இருந்திருக்கும் என்று எந்த விருந்தினரும் எழுதவில்லை. சாயங்காலம் தோறும் அவர்களுக்கு வந்திருக்கக்கூடிய தலைவலிக்குச் சரித்திரத்தில் ஒரு வரியும் இல்லை.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் வெள்ளையரிடையே ஹுக்கா மங்கி, சுருட்டு வந்தது. திண்டுக்கல் பக்கத்துப் புகையிலையில் சுற்றிய திருச்சிச் சுருட்டு லண்டன் வரை பேர்பெற்றது. சுருட்டுக்கு ஒரு தீக்குச்சி போதும், ஆள் வேண்டாம். ஹுக்காபர்தார் என்ற வேலை அப்படியே கரைந்துபோயிற்று.

நூறாண்டுக்கும் மேல் கழித்து ஹுக்கா கேளிக்கைக் கூடங்களில் திரும்பி வந்தபோது கரியோடு வந்தது, அந்த வேலைக்காரனின் பொறுமையோடு வரவில்லை. வெடியுப்பு போன்றவற்றைச் சேர்த்த ‘உடனே பற்றும்’ வில்லைகள் தீக்குச்சி பட்டதும் சடசடவெனப் பொறிவிட்டுப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பொறியும் நெடியும் முழுக்க அடங்கிச் சாம்பல் பூக்கும் முன் சிலிமில் வைத்தால், எரியூட்டியின் புகையையும் சேர்த்தே இழுக்கிறோம். தேங்காய்ச் சிரட்டைக் கரிக்கட்டிகளில் அந்த மருந்து இல்லை. ஆனால் மின்சுருள் அடுப்பில் பத்து நிமிடமாவது வைத்து, இடுக்கியால் புரட்டிப் பழுக்கவைக்க வேண்டும். எந்தக் கரியானாலும் திறந்தவெளியில், எளிதில் எரியும் பொருள் பக்கத்தில் இல்லாமல், இரும்புத்தட்டின் மேல் பற்றவைப்பதே முறை. தீர்ந்த கரியைத் தண்ணீரில் அமிழ்த்தி அணைத்த பிறகே குப்பைக்கு அனுப்பணும். சாம்பலுக்கடியில் கங்கு மணிக்கணக்கில் உயிரோடிருக்கும். தலை சுற்றினால், குமட்டினால், அதைப் ‘போதை’ என்று ரசிக்காமல் உடனே வெளிக்காற்றுக்கு வந்து மருத்துவரிடம் போக வேண்டும்.

இவ்வளவும் செய்தால் தீவிபத்து குறையும். கரி விடும் வாயு குறைந்துவிடாது. மூடிய, குளிரூட்டிய கூடத்தில் இழுக்காதவருக்கும் அதில் பங்குண்டு. தமிழ்நாடு சட்டமன்றம் 2022இல் ஹுக்கா கூடங்களைத் தடைசெய்யும் சட்டத்திருத்தத்தை நிறைவேற்றியது. இன்னும் திறந்திருக்கும் ஊர்களில், உள்ளறையில் கரித்தட்டோடு இரவெல்லாம் நிற்கும் ஓர் இளைஞன் இருப்பான். அழைப்பிதழில் அவனுக்கு இடம் கிடைத்தது 1779இல். அவன் மூச்சைப் பற்றிய கேள்வி மட்டும் இன்னும் நிலுவையில் இருக்கிறது.