நூற்றுக்கால் மண்டபம், 1927

1927-ஐ நம் ஸங்கீத சரித்திரக்காரர்கள் சென்னைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்த டிசம்பரில் காங்கிரஸ் மாநாட்டையொட்டிச் சென்னையில் அகில இந்திய ஸங்கீத மாநாடு கூடியது. மறு ஆண்டு மியூஸிக் அகாடமி வந்தது. அதன் பிறகு கச்சேரி என்றால் மார்கழி, மார்கழி என்றால் மயிலாப்பூர் என்று ஆகிவிட்டது. இந்த வரிசையில் பிழை இல்லை. ஆனால் அதே 1927-ல் திருச்சி மலைக்கோட்டையில், மேலே ஏறும் படிக்கட்டு வழியில் இருக்கிற நூற்றுக்கால் மண்டபத்தில், பத்துப் பதினொரு வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்து பாடினாள். வயலின் மைசூர் சௌடய்யா. மிருதங்கம் புதுக்கோட்டை தக்ஷிணாமூர்த்தி பிள்ளை. கஞ்சிராவுக்கு அரசர் என்று பெயர் வாங்கியவர், அன்று மிருதங்கத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண் மதுரை ஷண்முகவடிவின் மகள் சுப்புலக்ஷ்மி. அதுதான் அவளுடைய முதல் பொதுக் கச்சேரி.

பின்னால் அவள் யார் ஆனாள் என்பது நமக்குத் தெரியும் என்பதாலேயே இந்தச் செய்தி ஒரு மங்களகரமான அடிக்குறிப்பாக நின்றுவிட்டது. என் அக்கறை அவள் பெருமையில் இல்லை. இரண்டு பெரிய பக்கவாத்தியக்காரர்கள், கோயில் குலத்தில் பிறந்த ஒரு சிறுமிக்கு இருபுறமும் உட்காரக்கூடிய ஒரு நாள் திருச்சியில் எப்படி வாய்த்தது என்பதுதான் என் கேள்வி.

ஏற்பாடு செய்தவர் எஃப். ஜி. நடேச ஐயர். ஜமீன்தாரோ மடாதிபதியோ அல்ல; தென்னிந்திய ரயில்வேயில் அதிகாரி. காங்கிரஸ்காரர், நாடகக் கிறுக்கு உள்ளவர். 1914-ல் ரஸிக ரஞ்சன சபாவை ஆரம்பித்தவர். அந்த சபாவின் ஹரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசனாக நிறுத்தப்பட்ட பையன்தான் பிற்பாடு எம். கே. தியாகராஜ பாகவதர். ரயில்வேயின் தலைமையகம் திருச்சியில் இருந்ததால் மாதச் சம்பளம் வாங்குகிற, மாலையில் பொழுது மிச்சமிருக்கிற ஒரு வர்க்கம் ஊரில் உருவாகியிருந்தது. சபா என்கிற ஸ்தாபனமே இந்த மாதச் சம்பளத்தின் குழந்தை. அரண்மனைக்கும் கோயிலுக்கும் வெளியே, டிக்கெட்டும் சந்தாவும் வைத்துக் கலையை நடத்தலாம் என்று கண்டுபிடித்தவர்கள் இந்த குமாஸ்தாக்களும் வக்கீல்களும் வாத்தியார்களும். அவர்களை நாம் கேலி செய்தே பழகிவிட்டோம். அவர்களுக்குச் சேர வேண்டிய பாக்கி இன்னும் கொடுக்கப்படவில்லை.

ஆனால் அந்தக் கச்சேரி சபா மேடையில் நடக்கவில்லை, கோயில் மண்டபத்தில் நடந்தது என்பதையும் மறக்கக்கூடாது. ஒலிபெருக்கி கச்சேரிகளுக்கு வந்து சேராத காலம். கருங்கல் தூண்களுக்கு நடுவே குரல் எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவுதான் சபை. இங்கே சின்னது என்பது பண்பைக் குறிக்கிற வார்த்தை. சின்ன இடத்தில் பாடுகிறவளை முகம் பார்த்துத்தான் கேட்க முடியும்; அவளைப் பற்றிய வதந்தியைக் கேட்டுவிட்டுப் போய்விட முடியாது.

அதே 1927 நவம்பரில் முத்துலக்ஷ்மி ரெட்டி தேவதாசி முறைக்கு எதிரான தீர்மானத்தைச் சென்னை சட்டசபையில் கொண்டுவந்தார். சீர்திருத்தம் நியாயமானது; அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பெண்களிடமிருந்த ஸங்கீதத்தை என்ன செய்வது என்று சீர்திருத்தக்காரர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. அதை யோசிக்க வேண்டியிருந்தவர்கள் அந்தப் பெண்களேதான்.

அப்படி யோசித்த ஒருத்தி பெங்களூர் நாகரத்தினம்மாள். திருவையாற்றில் தியாகராஜருடைய சமாதியைத் தன் பணத்தில் கோயிலாகக் கட்டி 1925 ஜனவரியில் கும்பாபிஷேகம் செய்தவள். அந்தக் கோயில் வாசலில் பாட அவளுக்கு அனுமதி இல்லை, பெண் என்பதால். 1927-ல் பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஸன்னதிக்குப் பின்புறம் தனியாக ஓர் உத்ஸவம் தொடங்கினாள். பெண்கள் கட்சி என்று பெயர் வந்தது. ஏற்கனவே அங்கே பெரிய கட்சி, சின்ன கட்சி என்று இரண்டு இருந்தன. பகுள பஞ்சமிக்கு முந்திய நாட்கள் சின்ன கட்சிக்கு, பிந்திய நாட்கள் பெரிய கட்சிக்கு. ஸத்குருவை நாள் கணக்கில் பாகப்பிரிவினை செய்துகொண்டிருந்தார்கள்.

சின்ன கட்சியின் தூண் நம் திருச்சிக்காரர், வயலின் மலைக்கோட்டை கோவிந்தசாமிப் பிள்ளை. இந்த இடத்தில்தான் எனக்குச் சங்கடம். கோவிந்தசாமிப் பிள்ளை நடத்தியது கலைஞர்கள் கலைஞர்களுக்காக நடத்திய விழா. சன்மானம் இல்லை, பிரபுவின் தயவை நம்பி உட்காரவில்லை, தம் செல்வாக்கையும் உழைப்பையும் போட்டு நடத்தினார். காஞ்சீபுரம் நாயனாப் பிள்ளையின் ஃபுல் பெஞ்ச் கச்சேரிகளில் அத்தனை லய வித்துவான்களுக்கும் நடுவே நிதானமாக வில் பிடித்தவர். சுயேச்சையான கலைஞன் என்று நாம் இன்று யாரைச் சொல்கிறோமோ அதற்கெல்லாம் அவர் முன்னோடி. அந்தக் கூட்டத்திலும் பெண்ணுக்கு இடமில்லை. அவர் 1931-ல் காலமானார். 1941-ல் கட்சிகள் ஒன்றான பிறகுதான் பெண்கள் ஸன்னதியில் பாடினார்கள். ஆக, பிரபுவும் சர்க்காரும் கம்பெனியும் இல்லாமல் விழா நடத்திவிட்டால் மட்டும் கதவு தானாகத் திறந்துவிடாது.

சென்ற ஆண்டு தெப்பக்குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கூடத்தில் ஒரு நாள் இசைவிழா என்று சொல்லி அழைத்தார்கள். போனேன். காலை பத்திலிருந்து இரவு பத்துவரை. நடத்தியவர்கள் கல்லூரி முடித்த ஏழெட்டுப் பேர். ஸ்பான்ஸர் இல்லை. வாசலில் ஒரு பிஸ்கட் டின், இஷ்டமிருந்தால் போடலாம். பறை, கிடார், கஜல் மாதிரி ஒன்று, சொந்தமாக எழுதி மெட்டமைத்த தமிழ்ப் பாட்டுகள். பாதி சுமார், கால்வாசி தாங்க முடியாதது. மத்தியானம் கரண்ட் போய்விட்டது; அந்த முக்கால் மணி நேரம்தான் நன்றாக இருந்தது. மைக் இல்லாததால் எல்லோரும் முன்னால் நகர்ந்து தரையில் உட்கார்ந்தோம். ஒரு பெண் தன் பாட்டியைப் பற்றித் தானே எழுதிய பாட்டைப் பாடினாள். ஸ்ருதி கொஞ்சம் விலகியது, குரல் விலகவில்லை. முடிந்ததும் எனக்குப் பின்னாலிருந்த ஒரு பெரியவர் என் தோளைத் தொட்டுக் கேட்டார்: "யார் வீட்டுப் பொண்ணு சார் இது?"

தெரியாது என்றேன். அவர் விடவில்லை, பக்கத்திலிருந்தவரையும் கேட்டார். கெட்ட மனிதர் அல்ல. மோர் வாங்கி எனக்கும் கொடுத்தார். ஆனால் அந்தக் கேள்விக்கு வயது நூறுக்கு மேல். பாட்டைக் கேட்பதற்கு முன்போ பின்போ பாடுகிறவளின் வீட்டைக் கேட்பது நம் ரஸனையின் ஓர் அங்கம். 1940-க்குப் பிறகு எம். எஸ். என்கிற இரண்டு எழுத்தைச் சுற்றி எழுப்பப்பட்ட பக்தியும் பட்டுப்புடவையும் இந்தக் கேள்வி எழாமல் பார்த்துக்கொள்ளத்தானோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. நூற்றுக்கால் மண்டபத்துச் சிறுமிக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. பாட்டு மட்டும் இருந்தது.

காவிரியைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அங்கே இதே கேள்வி வேறு உருவத்தில் ஒருவருக்கு முன் நின்றது. ஷேக் சின்ன மௌலானா, 1924-ல் ஆந்திரத்தின் கரவதியில் நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்தவர். தஞ்சாவூர் பாணியில் மயங்கி, நாச்சியார்கோயில் ராஜம் - துரைக்கண்ணு சகோதரர்களிடம் கற்று, ஸ்ரீரங்கத்தில் குடியேறி, 1982-ல் அங்கேயே சாரதா நாகஸ்வர ஸங்கீத ஆசிரமம் தொடங்கினார். முஸல்மான், பள்ளிக்குச் சரஸ்வதியின் பெயரை வைத்தார். ரங்கநாதர் அவருக்கு அக்கம்பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. மியூஸிக் அகாடமி அவருக்கு ஸங்கீத கலாநிதி கொடுத்தது 1998-ல். மறு ஏப்ரலில் காலமானார். ஸ்ரீரங்கம் அவரிடம் வீட்டை விசாரிக்காமல் வாசிப்பைக் கேட்டுக்கொண்டு பல வருஷம் இருந்திருக்கிறது.

பிஸ்கட் டின்னில் அன்றிரவு எவ்வளவு சேர்ந்தது என்று நடத்தியவர்களைக் கேட்டேன். கூடத்து வாடகைக்குப் போதவில்லை, மீதியைப் பாடியவர்களே பங்கு போட்டுக்கொண்டோம் என்றார்கள். அந்தப் பெண்ணும் இருநூறு ரூபாய் கொடுத்திருந்தாள்.