கல்கத்தா கோப்பை முதல் சென்னை புல்ஸ் வரை: ரக்பியில் யாரை, எப்போது, எப்படி மோதலாம்?

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஆண்டுதோறும் ரக்பி ஆடும்போது வெல்லும் அணிக்குக் கிடைப்பது கல்கத்தா கோப்பை. அந்தக் கோப்பையைக் கொடுத்த கிளப்பின் வழிவந்த கிளப் இன்றும் கொல்கத்தாவின் பாலிகஞ்சில், குருசதய் சாலையில் இயங்குகிறது. பெயர், கல்கத்தா கிரிக்கெட் அண்ட் ஃபுட்பால் கிளப். அங்கே இன்னும் ரக்பி ஆடுகிறார்கள்.

2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கை வென்றது சென்னை புல்ஸ். ஆனால் ரக்பி எப்படி ஆடுவது என்று கேட்டால், நம்மில் பலர் 'பந்தைத் தூக்கிக்கிட்டு ஓடணும், வர்றவனை இடிச்சுத் தள்ளணும்' என்பதோடு நிறுத்திக்கொள்வோம். உண்மை கிட்டத்தட்ட இதற்கு நேரெதிர். ரக்பி விதிப்புத்தகத்தில் பெரும்பகுதி, எப்போது மோதக் கூடாது என்பதைப் பற்றியது.

270 வெள்ளி ரூபாய்

1872 கிறிஸ்துமஸ் நாளில் கல்கத்தாவில் ஓர் ஆட்டம் நடந்தது. ஒரு பக்கம் இங்கிலாந்துக்காரர்கள். மறுபக்கம் ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ்காரர்கள். அணிக்கு 20 பேர். அந்த உற்சாகத்தில் 1873 ஜனவரியில் கல்கத்தா ஃபுட்பால் கிளப் தொடங்கியது. அன்றைக்கு 'ஃபுட்பால்' என்றால் ரக்பியும் அதில் அடக்கம்.

கிளப் ஐந்தே ஆண்டுதான் தாக்குப்பிடித்தது. வெயிலுக்கு டென்னிஸும் போலோவும் வசதியாக இருந்தன. இலவச மதுவை நிறுத்தியதும் உறுப்பினர்கள் குறைந்தார்கள் என்றும் சொல்வார்கள். மிச்சமிருந்த பணத்தை வெள்ளி ரூபாய்களாக எடுத்து, 270 நாணயங்களை உருக்கிக் கோப்பை செய்தார்கள். ஒரு நாணயம் 11.66 கிராம் என்று கணக்குப் போட்டால் 3 கிலோவுக்குச் சற்று மேல். மூன்று நாகங்கள் கைப்பிடியாக, மூடியின் மேல் ஒரு யானை. 1878-ல் அதை இங்கிலாந்தின் ரக்பி யூனியனுக்குக் கொடுத்துவிட்டார்கள். 1879 மார்ச் 10-ம் தேதி எடின்பரோவில் அதற்காக நடந்த முதல் ஆட்டம் டிரா.

கல்கத்தாவில் 1884-ல் ரக்பி மறுபடி உயிர்பெற்றது. 1792-ல் பிறந்த கிரிக்கெட் கிளப்புடன் ஃபுட்பால் கிளப் 1965-ல் இணைந்தது. இன்றைய பாலிகஞ்ச் கிளப்பின் நீளமான பெயர் அப்படி வந்ததுதான்.

பந்து யார் கையில்?

அணிக்கு 15 பேர், 40 நிமிடங்களாக இரண்டு பாதி. எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் அழுத்தினால் 'ட்ரை', 5 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 2. பெனால்டி உதைக்கு 3, ஆட்டத்தின் நடுவே பந்தைத் தரையில் தட்டி உதைக்கும் டிராப் கோலுக்கும் 3.

பந்தைக் கையால் முன்னோக்கி வீசக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னோக்கியோதான். முன்னால் போக வேண்டுமென்றால் ஓடு, அல்லது உதை. தெரியாமல் கையிலிருந்து முன்பக்கம் நழுவினாலும் தவறுதான். இந்த ஒரே விதியால்தான் பந்துக்காரருக்கு எப்போதும் பின்னால் ஆள் தேவைப்படுகிறது.

அடுத்ததுதான் முக்கியம். பந்தை வைத்திருப்பவரை மட்டும்தான் டேக்கிள் செய்யலாம். பந்தில்லாதவரை இடித்தாலோ, துரத்துபவரின் வழியை மறித்தாலோ பெனால்டி. அமெரிக்க ஃபுட்பாலில் மறிப்பதற்கென்றே ஆட்கள் உண்டு, இங்கே அது குற்றம்.

டேக்கிள் செய்பவர் கைகளால் சுற்றிப் பிடித்தாக வேண்டும், தோளால் மட்டும் இடிக்கக் கூடாது. தோள்மட்டத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது. பந்தைப் பிடிக்க எகிறியவரை அந்தரத்தில் தொடக் கூடாது. தூக்கித் தலைகுப்புறப் போட்டால் சிவப்பு அட்டை வரை போகும்.

கபடி பார்த்துப் பழகிய நமக்கு இதுவரை பெரிய குழப்பமில்லை. ரெய்டரைச் சுற்றி வளைத்து அமுக்குவதும் கிட்டத்தட்ட இதே கலைதான். வித்தியாசம் விழுந்த பிறகு. கபடியில் ரெய்டரை அமுக்கிவிட்டால் அந்த ரெய்டு முடிந்தது. ரக்பியில் அதன்பிறகுதான் உண்மையான போட்டி தொடங்குகிறது. விழுந்தவர் உடனே பந்தை விட வேண்டும், வீழ்த்தியவரும் அவரை விட்டுவிட்டு உருண்டு விலக வேண்டும். நின்றுகொண்டிருப்பவர்கள் பந்துக்கு மேல் ஒருவரையொருவர் தள்ளினால் அது 'ரக்'. அதில் சேர வேண்டுமென்றால் தன் அணியின் கடைசிக் காலுக்குப் பின்னாலிருந்து வர வேண்டும், பக்கவாட்டில் நுழையக் கூடாது. மற்றவர்களுக்கு அந்தக் கடைசிக் கால்தான் ஆஃப்சைடு கோடு. டிவியில் மூட்டை மூட்டையாக ஆட்கள் கிடப்பதுபோல் தெரியும் இடத்தில், நடுவர் இத்தனையையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

யார் எங்கே?

சட்டை எண்ணே பதவி. 1 முதல் 8 வரை முன்கள வீரர்கள், 9 முதல் 15 வரை பின்கள வீரர்கள்.

சின்னத் தவறுகளுக்குப் பிறகு ஆட்டத்தைத் தொடங்கும் ஸ்க்ரமில் இரு பக்கமும் எட்டெட்டுப் பேர் குனிந்து கோத்துத் தள்ளுவார்கள். முன்வரிசையில் நடுவில் 2-ம் எண் ஹூக்கர், காலால் பந்தைப் பின்னுக்கு இழுப்பவர். அவருக்கு இருபுறமும் 1, 3 என்று இரண்டு ப்ராப்கள். சர்வதேசப் போட்டியில் ஓர் அணியின் எட்டுப் பேரும் சேர்ந்து சுமார் 900 கிலோ இருப்பார்கள். அந்த எடை அத்தனையும் இந்த மூவரின் கழுத்து, தோள், முதுகு வழியாகப் போகிறது. அதனால்தான் பழக்கமில்லாத யாரையும் முன்வரிசையில் நிறுத்த விதி அனுமதிப்பதில்லை. பயிற்சி பெற்ற மாற்று ஆள் இல்லையென்றால், ஸ்க்ரமில் யாரும் தள்ளக் கூடாது என்று நடுவர் அறிவித்துவிடுவார். என்னைக் கேட்டால் மொத்த விதிப்புத்தகத்திலும் மிகவும் யோசித்து எழுதிய வரி இதுதான்.

4, 5 உயரமானவர்கள். பந்து பக்கக் கோட்டைத் தாண்டிப் போனால் நடக்கும் லைன்அவுட்டில் இவர்களைத்தான் தூக்கிப் பிடிப்பார்கள். 6, 7 ஓயாமல் டேக்கிள் செய்பவர்கள். 8 ஸ்க்ரமின் வால்.

9-ம் எண் ஸ்க்ரம்-ஹாஃப், பெரும்பாலும் அணியிலேயே குள்ளமானவர். ஸ்க்ரமிலிருந்தும் ரக்கிலிருந்தும் பந்தை எடுத்துக் கொடுப்பவர். அதை வாங்கும் 10-ம் எண் ஃப்ளை-ஹாஃப், ஓடுவதா, வீசுவதா, உதைப்பதா என்று ஒரு நொடியில் முடிவெடுப்பார். 12, 13 நடுவில் உடைத்துப் போவார்கள், 11, 14 ஓரத்தில் பறப்பார்கள். 15 கடைசிக் காவல்.

120 கிலோ ஆளுக்கும் 70 கிலோ ஆளுக்கும் ஒரே அணியில் வேலை இருக்கிறது. வேறெந்தப் பந்து விளையாட்டிலும் இவ்வளவு வித்தியாசமான உடல்களை ஒன்றாகப் பார்ப்பது அபூர்வம்.

தலை என்ற சிவப்புக் கோடு

எதிரியின் கணைக்கால் எலும்பில் உதைப்பது ஒருகாலத்தில் ரக்பியில் அனுமதிக்கப்பட்ட தந்திரம். 1871-ல் அதற்குத் தடை வந்தது. அன்றிலிருந்து விதிகள் ஒவ்வொன்றாக இறுகிக்கொண்டே வருகின்றன, இப்போதைய சண்டை தலையைப் பற்றியது.

2003 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் ஹூக்கர் ஸ்டீவ் தாம்சன். 2020 டிசம்பரில், 42 வயதில், தனக்கு டிமென்ஷியா இருப்பதாக வெளியே சொன்னார். உலகக் கோப்பையை வென்றதே நினைவில்லை என்றார். அவரைப் போன்ற முன்னாள் வீரர்கள் ரக்பி அமைப்புகள் மீது வழக்குத் தொடர்ந்தார்கள்.

இப்போது தலையில் படும் டேக்கிளுக்கு ஆபத்தின் அளவைப் பொறுத்து மஞ்சள் அல்லது சிவப்பு அட்டை. 'வேணும்னே செய்யல' என்ற வாதம் எடுபடாது. மஞ்சள் என்றால் 10 நிமிடம் வெளியே. இங்கிலாந்தில் 2023 முதல் உள்ளூர் அளவிலான ரக்பியில் டேக்கிள் உயரத்தை நெஞ்செலும்பின் அடிவரை இறக்கிவிட்டார்கள். தலையில் அடிபட்டதாகச் சந்தேகம் வந்தாலே சாதாரண கிளப் வீரர் அன்று மறுபடி களமிறங்கக் கூடாது. மூளை அதிர்ச்சி உறுதியானால், போட்டிக்குத் திரும்பக் குறைந்தது 21 நாள் என்பது வேர்ல்டு ரக்பியின் வழிகாட்டுதல்.

சென்னை ஆடியது எது?

ரக்பி பிரீமியர் லீக் நடப்பது செவன்ஸ் வடிவத்தில். மைதானம் அதே அளவு, ஆட்கள் ஏழு பேர். மூன்று முன்களம், நான்கு பின்களம், ஸ்க்ரமிலும் மூன்று பேர்தான். வழக்கமான செவன்ஸில் பாதிக்கு ஏழே நிமிடம். இடம் அதிகம், ஆள் குறைவு என்பதால் எடையைவிட வேகத்துக்கு மதிப்பு. 2016 ரியோ முதல் ஒலிம்பிக்கில் இருப்பதும் இதுதான்.

கொல்கத்தாவில் ரக்பி இன்று கிளப் கதவுகளுக்குள் மட்டும் இல்லை. பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக அங்கே வந்த பால் வால்ஷ் 2004-ல் தொடங்கிய ஜங்கிள் க்ரோஸ், மைதானத்தில் — ஊரின் நடுவே விரியும் அந்தப் பெரிய திடலுக்கே பெயர் மைதான் — ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ரக்பி கற்றுத்தருகிறது.

இதையெல்லாம் படித்து ஆட ஆசை வந்து, கழுத்தை நினைத்துப் பயமாகவும் இருந்தால் டச் ரக்பி இருக்கிறது. அணிக்கு ஆறு பேர், ஆண்களும் பெண்களும் சேர்ந்தும் ஆடலாம். டேக்கிள் கிடையாது, கையால் தொட்டாலே போதும். ஆறு முறை தொட்டுவிட்டால் பந்து எதிரணிக்கு.