பானைக்குள் கிடைத்த பால்பற்கள்

புனேவில் குழந்தைகளின் பற்களைப் பார்ப்பது என் தொழில். சொத்தைப்பல் இந்தக் காலத்து நோய், சாக்லேட்டுதான் காரணம் என்று பெற்றோர் சொல்லும்போது எனக்கு இனாம்காவ் நினைவுக்கு வரும்.

புனே மாவட்டம் சிரூர் வட்டத்தில், கோட் ஆற்றங்கரையில் இருக்கிறது அந்த ஊர். 1968 முதல் 1983 வரை டெக்கான் கல்லூரிக்காரர்கள் அங்கே தோண்டினார்கள். தொல்லியலாளர்கள் சங்காலியா, தவளீகர், அன்சாரி முன்னின்றார்கள். சுமார் 3,000 ஆண்டுகளுக்கு முன் பார்லி விளைவித்து வாழ்ந்தவர்களின் குடியிருப்பு. இறந்த குழந்தையை இரண்டு பானைகளுக்குள் வைத்து, வாயோடு வாய் பொருத்தி, வீட்டுத் தரைக்கடியிலேயே புதைத்திருக்கிறார்கள். பிள்ளையை வாசல் தாண்டி அனுப்ப மனமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பானைகளில் எஞ்சிய பால்பற்களை மானுடவியலாளர்கள் ஜான் லூக்காக்ஸும் சுபாஷ் வாலிம்பேயும் ஆராய்ந்தார்கள். பல பற்களின் எனாமலில் குழிகளும் குறைகளும் இருந்தன. பால்பல்லின் எனாமல் தாய் வயிற்றிலேயே உருவாகத் தொடங்கி, முதல் வயதையொட்டி முடிந்துவிடும். அந்த மாதங்களில் தாய்க்கோ சேய்க்கோ சத்து குறைந்தாலும் நோய் வந்தாலும் தடம் விழும். பிறகு அது ஆறாது. குறையுள்ள எனாமலைக் கிருமிகளின் அமிலம் எளிதில் அரிக்கும்; சொத்தை அப்படித்தான் தொடங்கும். மாவுச்சத்தே அந்தக் கிருமிகளுக்குத் தீனியாகும். சர்க்கரை கிடைத்தால் வேகம் கூடும்.

ஆகவே கர்ப்பிணியின் சாப்பாட்டிலிருந்தே கேட்கத் தொடங்குகிறேன். முதல் பல் முளைத்ததும் அரிசியளவு ஃபுளோரைடு பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்கிறேன். இரவில் பால்புட்டியை வாயில் வைத்தபடி தூங்கவிடக் கூடாது என்பதைப் பாட்டிமாரிடமும் சொல்லி அனுப்புகிறேன்.