மிஸ்ஸூலா டு செயின்ட் லூயிஸ் - ஒரு சைக்கிள் படையின் கதை

சைக்கிள்ல ரொம்ப தூரம் போறதுன்னு சொன்னா எல்லாரும் டூர் த பிரான்ஸ்னு ஆரம்பிச்சுடுவாங்க. அது தொடங்கினது 1903-ல. அதுக்கு ஆறு வருஷம் முன்னாடியே, 1897-ல, அமெரிக்க ராணுவத்தைச் சேர்ந்த 20 கறுப்பின சிப்பாய்கள் மொன்டானாவிலிருந்து மிசௌரி வரைக்கும் சுமார் 3,000 கிலோமீட்டர் மிதிச்சிருக்காங்க. கியர் கிடையாது, பல இடத்துல ரோடே கிடையாது.

இவங்க 25-வது காலாட்படை. பாப் மார்லி பாட்டுல வர்ற பஃபலோ சோல்ஜர் யாருன்னு கேட்டா, இந்த மாதிரி கறுப்பினப் படைப்பிரிவுகள்தான். சிப்பாய்கள் கறுப்பர்கள், அதிகாரிகள் வெள்ளையர்கள். அந்த அதிகாரிகள்ல ஒருத்தர் ஜேம்ஸ் மாஸ். வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியில 1894-ல தன் வகுப்பிலேயே கடைசி ரேங்க் வாங்கி வெளியே வந்தவர். (நம்ம கடைசி பெஞ்ச் சங்கத்துக்கு ஒரு பெருமை!) குதிரைக்குத் தீனி வேணும், தண்ணி வேணும், கனைச்சுக் காட்டிக் கொடுத்துடும், சைக்கிளுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லைங்கறது இவரோட வாதம். ஜெனரல் நெல்சன் மைல்ஸ் சம்மதிச்சார். ஸ்பால்டிங் கம்பெனி சைக்கிள்களை இலவசமா கொடுத்தது.

எனக்கு இந்தக் கதையில ரொம்பப் பிடிச்சது பயணத்தை விட பயிற்சிதான். 1896-ல எட்டு பேரோட ஆரம்பிச்சாங்க. தினமும் 25-லிருந்து 65 கிலோமீட்டர் ஓட்டணும். கூடவே ஒன்பது அடி வேலியை சைக்கிளோட தாண்டணும். ஒருத்தன் தன் சைக்கிளைச் சாய்ச்சு, அது மேலயே கால் வச்சு ஏறிக் குதிப்பான். பின்னாடி நிக்கிறவன் ரெண்டு சைக்கிளையும் தூக்கிக் கொடுத்துட்டு தானும் தாண்டுவான். ஆழமான ஆறு வந்தா ஒரு கம்புல சைக்கிளைத் தொங்கவிட்டு ரெண்டு பேர் தோள்ல சுமந்து போகணும். தனியா ஒருத்தன் எவ்வளவு வேகமா ஓட்டினாலும் இங்கே பிரயோஜனமில்லை பாருங்க.

அந்த ஆகஸ்ட்ல முதல் பரீட்சை: மெக்டொனால்ட் ஏரிக்குப் போய்த் திரும்ப 200 கிலோமீட்டர், நாலு நாள். மழை, சேறு, பஞ்சர், உடைஞ்ச பெடல். அடுத்ததா யெல்லோஸ்டோன் போய் வர 1,300 கிலோமீட்டர். இந்த அடியெல்லாம் வாங்கினதோட பலன் அடுத்த வருஷ சைக்கிள்ல தெரிஞ்சது: இரும்பு ரிம், செயினுக்கு மூடி, கனமான ஃபோர்க். வெறும் சைக்கிளே 14 கிலோவுக்கு மேல. மூட்டை முடிச்சு கட்டினா 27 கிலோ. பழுது பார்க்க ஜான் ஃபின்ட்லி இருந்தார். ஏற்கனவே சிகாகோ சைக்கிள் கம்பெனியில வேலை பார்த்த ஆள்.

1897 ஜூன் 14 காலையில கிளம்பினாங்க. 20 சிப்பாய்கள், மாஸ், ஒரு டாக்டர், 19 வயசு நிருபர் எட்வர்ட் பூஸ். ராக்கி மலைகளைக் கூட சமாளிச்சுட்டாங்க. ஆட்டி வச்சது நெப்ராஸ்கா மணல் மேடுதான். சக்கரம் புதைஞ்சு, ரயில் தண்டவாளக் கட்டைகள் மேல தடதடன்னு உருட்டிக்கிட்டே போயிருக்காங்க. வெயில் கொளுத்துது, குடிக்கக் கிடைச்ச உப்புத்தண்ணியில பலருக்கு வயிறு கெட்டுது. மாஸே படுத்துட்டு, சில நாள் கழிச்சுதான் வந்து சேர்ந்தார். படை நிக்கலை. ஜூலை 24-ல, 41-வது நாள், செயின்ட் லூயிஸ்ல ஆயிரக்கணக்கான பேர் வரவேற்றாங்க.

திரும்பினது ரயில்ல. அடுத்த பயணத்துக்கு மாஸ் திட்டம் போட்டார், ஆனா 1898-ல ஸ்பெயினோட போர் வந்துடுச்சு; சைக்கிள் படை அதோட சரி. மாஸ் கர்னல் வரை உயர்ந்து, ராணுவக் கையேடுகள் நிறைய எழுதினார். வரலாற்றுல அவர் பெயர் பத்திரமா இருக்கு.

நான் சொல்ல வந்தது மிங்கோ சாண்டர்ஸைப் பத்தி. அந்தப் பயணத்துல சிப்பாய்களுக்குத் தலைவரா போன சார்ஜென்ட். வயசு 39, ஒரு கண் பார்வை சரியில்லை. அப்புறம் கியூபாவிலும் பிலிப்பைன்ஸிலும் போர்ல இருந்தார். 1906-ல டெக்சாஸ் பிரவுன்ஸ்வில்லில் ஒரு ராத்திரி துப்பாக்கிச் சூடு நடந்து ஒருத்தர் செத்துப் போனார். பழி 25-வது படை மேல விழுந்தது. விசாரணை மன்றம் எதுவும் கிடையாது. யாரும் காட்டிக் கொடுக்கலைங்கற காரணத்தைச் சொல்லி 167 பேரையும் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஒரே உத்தரவுல வெளியேத்தினார். சாண்டர்ஸும் அதுல ஒருத்தர். 26 வருஷ சர்வீஸ், பென்ஷன் கைக்கெட்டும் தூரத்துல. அதுவும் போச்சு.

தப்பு நடந்துடுச்சுன்னு ராணுவம் ஒத்துக்கிட்டு, எல்லாருக்கும் கௌரவமான விடுவிப்பு கொடுத்தது 1972-ல. சாண்டர்ஸ் 1929-லயே இறந்துட்டார்.