புகலிடமும் பொதுமக்களும்: இலங்கை வனங்களுக்கு எல்லை வகுத்த வரலாறு

விலங்குகளுக்கெனக் காட்டை ஒதுக்குதல் எளிது. ஒதுக்கிய காட்டில் மாந்தர்க்கு எவ்வளவு இடங்கொடுத்தல் தகும் என வரையறுத்தலே அரிது. காட்டை முற்றாக அடைத்துவிடின் அதன் அருமையை மக்கள் அறியார். அறியாத ஒன்றைக் காப்பதற்குப் பொருள் செலவிட எவரும் முன்வாரார். முற்றாகத் திறந்துவிடினோ, காணவந்தோர் காலடியிலேயே காணவேண்டியது அழிந்துபடும். இவ்விரு கேட்டிற்கும் இடையே வழி காணும் முயற்சி இலங்கையில் ஒரு நூற்றாண்டிற்கு மேலாக நிகழ்ந்து வருகின்றது. இடத்தால் வரையறுத்தல், காலத்தால் வரையறுத்தல், தொகையால் வரையறுத்தல் என அம்முயற்சியை மூவகைப்படுத்தலாம். முன்னைய இரண்டும் ஓரளவு கைகூடின. மூன்றாவது இன்னும் நிறைவெய்தவில்லை.

காட்டைப் பகுத்துக் காக்கும் எண்ணம் மேனாட்டாரிடமிருந்தே வந்ததெனக் கொள்ளல் பொருந்தாது. அரசன் வேட்டையாடுதற்கெனக் காவலுடைய ஒரு காட்டையும், எல்லா விலங்குகளையும் விருந்தினராக ஏற்கும் பிறிதொரு காட்டையும், யானைகளுக்கெனத் தனிக் காட்டையும் வெவ்வேறாக அமைக்குமாறு கௌடிலியரின் அர்த்தசாத்திரம் கூறும். இலங்கையில், கி. மு. 3 ஆம் நூற்றாண்டில் மான்வேட்டைக்குச் சென்ற தேவநம்பிய தீசன் மிகிந்தலையில் மகிந்த தேரரைச் சந்தித்தான் என்பது மகாவமிசச் செய்தி. அம்மலைச் சூழல் உயிர்களுக்கு அடைக்கலம் அளிக்கும் இடமாகப் பின்னர்ப் போற்றப்பட்டு வந்தது. பொலன்னறுவையிலிருந்து ஆண்ட நிசங்கமல்லன் (1187–1196), அநுராதபுரத்தைச் சூழ 7 காவத எல்லைக்குள் உயிர்க்கொலை கூடாதெனப் பறையறைவித்தமையை அவன் கல்வெட்டு உணர்த்துகின்றது.

பிரித்தானியர் ஆட்சியில் இம்மரபு அறுந்தது. கோப்பித் தோட்டங்களுக்காக மலைநாட்டுக் காடுகள் வெட்டப்பட்டன. பயிரழிக்கும் விலங்கெனக் கருதப்பட்ட யானையைக் கொல்வோர்க்கு அரசாங்கமே பரிசு வழங்கிற்று. குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் தெனன்ற் தரும் கணக்கின்படி, 1848 இற்கு முந்திய மூன்றாண்டுக்குட்பட்ட காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மாத்திரம் 3,500 யானைகள் இவ்வாறு மாண்டன. தென் மாகாணத்தில் 1851 முதல் 1856 வரை 2,000 யானைகள் மாண்டன. மேஜர் தோமஸ் றொஜேர்ஸ் என்னும் படை அதிகாரி தனியொருவராக 1,400 இற்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டார் என்பர்.

இவ்வழிவைக் கண்டு அஞ்சியோருள் முதன்மையானோர் வேட்டையாளரே. 1894 இல் இலங்கை வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கம் நிறுவப்பட்டது. அதனை முன்னின்று நடத்திய ஐரோப்பியத் துரைமாரின் நோக்கம், தம் வேட்டை ஒரு தலைமுறையோடு முடிந்துவிடாது காத்தல் ஆகும். 1900 இல் யாலவும் 1905 இல் வில்பத்துவும் ஒதுக்கப்பட்டன. யாலவின் ஒரு பகுதி விலங்குகளுக்கு அடைக்கலமாயிற்று. அதனை அடுத்த பகுதி, நாட்டில் வதியும் வேட்டையாளர்க்குரிய ஒதுக்காக வைக்கப்பட்டது. போவர் போரிற் சிறைப்பட்டு இங்குக் கொண்டுவரப்பட்டு, பிரித்தானிய முடிக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்ய மறுத்தமையால் தாயகந் திரும்பாதிருந்த ஹென்றி எங்கல்பிறெக்ற் என்பவர் 1908 இல் யாலவின் முதற் காவலராக நியமனம் பெற்றார். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற லெனாட் வூல்ஃப் அப்பொழுது அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தார். பாதுகாப்பின் தொடக்கமே ‘யாருடைய பயனுக்காக?’ என்னும் வினாவோடு பிறந்தது என்பது ஈண்டுக் கருதத்தக்கது. துப்பாக்கியும் அனுமதிச் சீட்டும் உடையோர்க்குக் காடு திறந்திருந்தது. அயலூர்க் குடியானவர்க்கு அக்காட்டிலிருந்த பழைய வழமை குறுகிற்று.

இந்நிலையை மாற்றி ஒழுங்கு செய்தது 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமாகும். டீ. எஸ். சேனநாயக்கா விவசாய, காணி அமைச்சராயிருந்த காலத்தில் எழுந்த இச்சட்டம் காடுகளை மூவகைப்படுத்திற்று. கடும் இயற்கை ஒதுக்கினுள் அறிவியலாய்வின் பொருட்டன்றி எவரும் புகுதலாகாது. தேசிய வனத்தினுள் பொதுமக்கள் அனுமதிபெற்று, விலங்குகளைக் காணவும் ஆராயவும் மட்டும் புகலாம். இடைநிலை வலயத்தில் அனுமதிபெற்றோர் வரையறைக்குட்பட்டு வேட்டையாடலாம். 1938 பெப்ருவரி 25 ஆந் திகதி யாலவும் வில்பத்துவும் தேசிய வனங்களாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. முன்னர் வேட்டையாளர்க்குரியதாயிருந்த பகுதியே இன்று யாலவின் முதலாம் பிரிவு. துப்பாக்கியேந்தியோர் நின்ற இடத்தில் கண்ணாற் கண்டு மகிழ்வோர் நிற்கலாயினர். 1949 இல் இவற்றின் நிருவாகத்துக்கெனத் தனித் திணைக்களம் தோன்றிற்று.

இடத்தால் வரையறுக்கும் இம்முறையின் சிறப்பு தெளிவானது. இன்று யாலத் தேசிய வனம் ஏறக்குறைய 979 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. அதனையடுத்த கடும் இயற்கை ஒதுக்கு ஏறக்குறைய 289 சதுர கிலோமீற்றர். வருவோர் ஓரிடத்திற் கூடினும், விலங்குகளுக்கு ஒதுங்க ஓரிடம் எஞ்சியிருக்கின்றது. ஆயினும் வரைபடத்துக் கோட்டை யானை அறியாது. நீரும் மேய்ச்சலுந் தேடி அது எல்லை கடந்து செல்லும். நீர்த்தேக்கத் திட்டங்களாற் காடு குறைந்த காலத்தில் இவ்வுண்மை புலனாயிற்று. 1954 இல் கல்லோயா வனமும் 1972 இல் உடவளவை வனமும் நீர்த்தேக்கங்களைச் சார்ந்து அமைக்கப்பட்டமை இதன் விளைவே. ஆங்கு உழவர்க்கு நீரும் விலங்குகளுக்கு வாழிடமும் ஒரே திட்டத்தில் இடம்பெற்றன.

எனினும், வரைந்த கோட்டிற்கு முற்பட்டனவாகச் சில பாதைகள் இருந்தன. யாலவினுள் அமைந்த சித்துல்பவ்வக் குகை விகாரைக்குப் பௌத்தர்கள் இன்றும் செல்கின்றனர். கதிர்காமப் பாதயாத்திரை இதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலிருந்து புறப்படும் அடியார்கள், முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு, பொத்துவில் வழியாக உகந்தை முருகன் கோயிலை அடைவர். அதன்பின் கும்புக்கன் ஆற்றைக் கடந்து, குமண, யால வனங்களினூடே நடந்து கதிர்காமஞ் சேர்வர். இவ்வழியை அடைப்பது ஒரு மக்கட் கூட்டத்தின் வழிபாட்டை அறுப்பதாகும். ஆண்டு முழுவதும் திறந்து வைப்பது காட்டை அழிப்பதாகும். விழாக் காலத்தையொட்டி ஏறக்குறைய இரு கிழமை மாத்திரம் உகந்தை வாயிலைத் திறந்து, பின்னர் மூடிவிடும் முறை இச்சிக்கலைக் காலத்தாற் தீர்த்தது. வறட்சி மிகும் செப்டெம்பர் தொடங்கி ஏறக்குறைய ஆறு கிழமைக்கு யாலவின் முதலாம் பிரிவை மூடும் வழக்கமும் இத்தகையதே. நீர்நிலைகள் வற்றி விலங்குகள் நலியும் வேளையில் அவற்றிற்கு ஓய்வு கிடைக்கின்றது.

இடமும் காலமும் மாத்திரம் போதா என்பதைப் போருக்குப் பிந்திய ஆண்டுகள் காட்டின. 2009 இல் போர் முடிந்தபின் யாலவுக்கு வருவோர் தொகை பன்மடங்கு பெருகிற்று. அவர்களிற் பெரும்பாலோர் நாடுவது ஏறக்குறைய 141 சதுர கிலோமீற்றர் பரப்புடைய முதலாம் பிரிவையே. உலகிற் சிறுத்தைகள் மிகச் செறிந்து வாழும் இடங்களுள் அது ஒன்று. ஒரு சிறுத்தை தென்பட்ட செய்தி கைத்தொலைபேசியிற் பரவியதும் ஜீப் வண்டிகள் விரைந்து ஓரிடத்திற் குவிகின்றன. இறங்காது வண்டியிலிருந்தே காணவேண்டும் என்னும் விதி இருந்தும், வண்டிகளின் தொகையே இடுக்கணாய் முடிகின்றது. வழிபாட்டுப் பாதையிலும் அடியார் தொகை பல்லாயிரமாகப் பெருகியதனால் நீர், கழிவு, பொலித்தீன் ஆகியன புதிய கவலைகளாயின. பத்தியும் மகிழ்ச்சியும் வேறானவை. ஆயினும் காட்டு நிலம் தாங்கும் சுமைக்கு ஓர் அளவு உண்டு. அவ்வளவு வருவோரின் நோக்கத்தைப் பொறுத்ததன்று.

தொகையை வரையறுக்கும் நெறிக்குப் பிறநாட்டு அனுபவம் ஒன்று துணை செய்யும். ஐக்கிய அமெரிக்காவின் முதற் கூட்டாட்சிப் பறவைப் புகலிடம், தியடோர் றூஸ்வெல்ற்றின் ஆணையால் 1903 இல் புளோரிடாவில் உள்ள பெலிக்கன் தீவில் அமைந்தது. பின்னாளிற் படகோட்டலும் பொழுதுபோக்கும் புகலிடங்களிற் பெருகவே, 1962, 1966 ஆம் ஆண்டுகளிற் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1997 இன் சட்டம் ஐயத்திற்கிடமின்றி முறை வகுத்தது. வனவிலங்கின் நலமே முதல். வேட்டை, மீன்பிடி, விலங்கு காணல், படம்பிடித்தல், சூழற் கல்வி, விளக்கவுரை என்னும் ஆறு பயன்களும் அதன்பின். அவையும் புகலிடத்தின் நோக்கத்தோடு முரணாவிடத்தே அனுமதிக்கப்படும். அம்முடிபை எழுத்தில் வைத்தல் வேண்டும். ஒவ்வொரு புகலிடத்திற்கும் பொதுமக்கள் கருத்தைக் கேட்டுத் திட்டம் வகுத்து, 15 ஆண்டுக்கொருமுறை திருத்துதல் வேண்டும். வேட்டையை அந்நாட்டுச் சட்டம் ஏற்றமை நம் நாட்டிற்கு ஒவ்வாது. ஆயினும் முதலது எது, அடுத்தது எது என முன்கூட்டியே எழுதிவைக்கும் நெறி எந்நாட்டிற்கும் ஏற்றதே.

வடபுலத்திற்கு இவ்வினா இன்று தொலைவிலுள்ளதன்று. 1938 இற் சரணாலயமான சுண்டிக்குளம் 2015 இல் தேசிய வனமாயிற்று. அவ்வாண்டே நெடுந்தீவிலும் தேசிய வனம் பிரகடனமாயிற்று. சுண்டிக்குளத்து நீரேரியைக் கடல்கடந்து வரும் பறவைகளும் நாடுகின்றன. அவ்வூர் மீனவரும் நம்பியிருக்கின்றனர். யாலவிற் கூட்டம் வந்தபின் விதி தேடவேண்டியதாயிற்று. சுண்டிக்குளத்திலோ கூட்டம் வருமுன்னரே விதி செய்ய இயலும். பறவைகள் தங்கும் இடம் எது, அவற்றிற்கு அமைதி வேண்டும் பருவம் எது, ஒரு நாளில் எத்துணை பேரை அவ்விடம் தாங்கும் என்னும் மூன்றையும், வலைவீசி வாழ்வோரையும் உடன் வைத்து ஆராய்ந்து எழுதிவைத்தல் வேண்டும். அங்ஙனஞ் செய்யின், பறவைக்கும் மீனவனுக்கும் காணவருவோனுக்கும் அந்நீரேரியில் இடமுண்டு.