எட்டுப் புள்ளிக் கட்டத்துக்குள் திருகோணமலை: பிக்சல் ஓவியப் பொழுதுபோக்கின் வரலாறு

முன்னுரை

கணினித் திரையின் ஒவ்வொரு புள்ளியையும் கையால் இட்டு உருவம் அமைப்பது பிக்சல் ஓவியம். 1980களில் இது விரும்பி எடுத்த பாணி அன்று. நினைவகம் விலையுயர்ந்த பொருளாக இருந்ததால் ஓவியருக்கு வேறு வழி இருக்கவில்லை. இன்று கைப்பேசியே பல இலட்சம் நிறங்களைக் காட்டுகிறது. ஆயினும் பலர் அந்தப் பழைய வரம்புகளைத் தாமே ஏற்று வரைகின்றனர். கட்டாயம் எவ்வாறு பொழுதுபோக்காயிற்று, அந்த வரம்புகள் யாருடைய எழுத்துக்கு அளவெடுத்தவை, திருகோணமலை போன்ற ஊரில் இன்று வரையத் தொடங்கும் தமிழ் இளையோருக்கு அவை எதைத் தருகின்றன என்ற மூன்று வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. வரம்பின் பிறப்பு

1973இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ரிச்சர்ட் ஷூப் உருவாக்கிய ‘சூப்பர்பெயின்ட்’ 640×480 புள்ளிகளில் 256 நிறங்களைக் காட்டியது. ஒரு படத்துக்கு மட்டும் 3,07,200 பைட் தேவைப்பட்டது. அத்தகைய கருவியை ஆய்வகம்தான் வைத்திருக்க முடியும்.

1982இல் பிரித்தானியாவில் வெளிவந்த இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம், இதே வேலையை வீட்டுக்குக் கொண்டுவரக் கடும் சிக்கனம் செய்தது. அதன் திரை 256×192, அதாவது 49,152 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் 16 நிறத் தெரிவு கொடுத்திருந்தால் 24,576 பைட் செலவாகியிருக்கும். அதன் மலிவான வடிவத்தில் இருந்த மொத்த நினைவகமோ 16 கிலோபைட். ஆகவே புள்ளிக்கு ஒரு பிட் என 6,144 பைட்டும், நிறத்துக்கு 768 பைட்டும் ஒதுக்கினர். 8×8 புள்ளி கொண்ட ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டே நிறங்கள்.

இதன் விளைவைத் திருகோணமலைத் துறைமுகக் காட்சி ஒன்றை வரைந்தால் உடனே உணரலாம். நீலக் கடலில் சிவப்புப் படகு வரையலாம். அதே கட்டத்துக்குள் வெள்ளைப் பாயும் வந்துவிட்டால் மூன்றாவது நிறத்துக்கு இடமில்லை. கடலோ படகோ நிறம் மாறிவிடும். எனவே படகின் விளிம்பு கட்டத்தின் விளிம்போடு சேரும்படி அதை நகர்த்த வேண்டும், அல்லது பாயை மேல்கட்டத்துக்கு உயர்த்த வேண்டும். காட்சியமைப்பின் முதல் முடிவை இங்கே நினைவகக் கணக்கே எடுத்துவிடுகிறது.

அதே ஆண்டில் வந்த கொமடோர் 64 வேறு பேரம் பேசியது. அதன் பல்வண்ண முறையில் 4×8 கட்டத்துக்கு நான்கு நிறங்கள் கிடைத்தன. பதிலுக்குத் திரையின் அகலம் 160 புள்ளியாகக் குறைந்தது. நிறம் வேண்டுமா, நுணுக்கம் வேண்டுமா என்ற தெரிவை ஒவ்வொரு கணினியும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்தது. அதனாலேயே அக்காலப் படத்தைக் கண்டதும் அது எந்தக் கணினியில் பிறந்தது என்று பழகியவர்கள் சொல்லிவிடுகின்றனர்.

2. கட்டமும் தமிழ் எழுத்தும்

எட்டு என்ற எண் ஒரு பைட்டின் எட்டுப் பிட்டுகளிலிருந்து வந்தது. இலத்தீன் எழுத்தை 5×7 புள்ளிக்குள் தெளிவாக எழுதலாம். இடைவெளியோடு சேர்த்து 8×8 கட்டம் அதற்குத் தாராளம். தமிழ் இங்கே உடனே நெருக்கடிக்கு உள்ளாகிறது.

எளிய எழுத்தான ‘ப’வை எடுத்துக்கொள்வோம். ஸ்பெக்ட்ரத்தில் பயனரே உருவம் அமைக்க வரிசைக்கு ஓர் எண் வீதம் எட்டு எண்களைத் தர வேண்டும். ‘ப’வுக்கு அவை 0, 66, 66, 66, 66, 66, 126, 0. இருமக் கணக்கில் 66 என்பது 01000010, அதாவது இரண்டு நிமிர்ந்த கால்கள். 126 என்பது 01111110, அடிக்கோடு. எழுத்து அழகாக அமைந்துவிடுகிறது.

‘ண’ அமைவதில்லை. ஒரு சுழிக்குக் குறைந்தது ஒரு கோடு, ஓர் இடைவெளி, மறுகோடு வேண்டும். மூன்று சுழிகளும் சுவர்களைப் பகிர்ந்துகொண்டாலும் 7 பத்திகள். வலக்கால் தனித்து நிற்க மேலும் 2. ஆக 9, கட்டத்தில் இருப்பதோ 8. மேலே ‘ணி’யின் விசிறி, கீழே ‘மூ’வின் வளைவு என்று பார்த்தால் உயரமும் போதாது. பயனர் அமைக்கக்கூடிய உருவங்கள் 21 மட்டுமே. தமிழின் உயிர் 12, மெய் 18 என்ற முப்பதுக்கே அது எட்டாது.

இந்தச் சூழலில்தான் தமிழ்க் கணிமையின் முன்னோடிகள் உழைத்தனர். கனடாவில் கே. சீனிவாசன் 1984இல் ‘ஆதமி’, மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’ என்ற தமிழ் மென்பொருள்களை உருவாக்கினர். 1978இல் தமிழ்நாடு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ணா, லை முதலிய 13 எழுத்துகளின் தனி வடிவங்களை நீக்கி இத்தகைய பணியை ஓரளவு இலகுவாக்கியிருந்தது. திரைக்கும் அச்சுப்பொறிக்கும் புள்ளி புள்ளியாகத் தமிழ் எழுத்து அமைத்தவர்களை நம் முதல் பிக்சல் கலைஞர்கள் என்று கருதுவதே பொருத்தம். விளையாட்டுப் படத்துக்கு முன்பே நம்மிடம் எழுத்து வந்தது.

கோலமும் இவ்வரலாற்றில் சேரும். சென்னை தாம்பரத்திலுள்ள கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோருடன் 1974இல் வெளியிட்ட ஆய்வு, கோலங்களைப் புள்ளி அணிகளாகக் கொண்டு அவற்றை வளர்க்கும் விதிகளை இலக்கணமாக வகுத்தது. சிறு கட்டத்திலிருந்து பெரிய உருவத்தை விதிப்படி எழுப்பும் முறை வீட்டுக் கணினிக்கு முன்பே தமிழ் வாசலில் இருந்ததை அது கணிதமாக எடுத்துக்காட்டியது.

3. சுவாமி மலையிலிருந்து அமிகா வரை

திருகோணமலைக்கும் கணினிப் படத்துக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் திருகோணமலை சுவாமி மலையடியில் கடலுக்குள் மூழ்கி, 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் எச்சங்களைக் கண்டனர். இலங்கையிலேயே குடியேறிவிட்ட கிளார்க், சுமார் முப்பது ஆண்டுகளின் பின் அமிகா கணினியில் மாண்டல்பிராட் கணத்தை வரைவதில் ஆழ்ந்தார். 1990இல் வெளிவந்த ‘த கோஸ்ட் ஃப்ரம் த கிராண்ட் பேங்க்ஸ்’ நாவலில் அதைக் கதையோடு பிணைத்தார்.

மாண்டல்பிராட் படம் கையால் புள்ளியிடும் கலை அன்று. ஒரு சமன்பாட்டை ஒவ்வொரு புள்ளிக்கும் மீண்டும் மீண்டும் கணித்து, விடை எல்லை கடக்க எத்தனை சுற்று ஆயிற்றோ அதற்கேற்ற நிறம் இடப்படுகிறது. 320×200 திரையில் 64,000 புள்ளிகளுக்கு இதைச் செய்ய நெடுநேரம் காத்திருக்க வேண்டும். ஆனால் எந்தச் சுற்றுக்கு எந்த நிறம் என்பதை மனிதரே தீர்மானித்தார். அமிகாவின் 4,096 நிறங்களில் வழமையான முறையில் 32ஐத் தெரிந்தெடுக்கலாம். குறைந்த நிறங்களை அடுக்கி ஆழம் காட்டும் அந்தத் தேர்ச்சியே இதைப் பிக்சல் ஓவியத்தோடு இணைக்கிறது.

4. தாமே ஏற்கும் வரம்பு

வீட்டுக் கணினியின் பொற்காலம், 1983க்குப் பின் கிழக்கு மாகாணம் போரும் இடப்பெயர்வும் கண்ட காலத்தோடு ஒன்றிப்போனது. ஆகவே ஐரோப்பியருக்குப் பழைய கணினி இளமை நினைவு. திருகோணமலை இளையோர் பெரும்பாலானோருக்கு அது முதல் அறிமுகம். ஏக்கத்துக்குக் கட்டுப்படாமல் அந்த வரம்புகளை எடைபோட அவர்களால் முடியும்.

‘பிக்கோ-8’ என்ற கற்பனைக் கணினி இதற்கு நல்ல களம். 128×128 திரை, நிலையாக 16 நிறங்கள், 8×8 உருவங்கள். அதில் கடலுக்கு ஏற்ற நீலம் இரண்டுதான்: அடர்நீலமும் வெளிர்நீலமும். திருகோணமலையின் கொட்டியார் குடாவில் ஆழம் மாறுவதைக் காட்ட இரண்டையும் சதுரங்கக் கட்டம்போல் மாற்றி மாற்றி இட வேண்டும். அங்குள்ள பிரெட்ரிக் கோட்டையில் திரியும் புள்ளிமானுக்கு 16×16 போதும். முதுகுப் புள்ளிக்கு ஒரு வெள்ளைப் பிக்சல், கொம்பின் கிளைக்கு ஒன்று.

இதே கருவியில் ஜப்பானிய கானா எழுத்துகள் உள்ளமைந்திருக்கின்றன, தமிழ் இல்லை. பயனரே எழுத்துரு அமைக்கலாம், ஆனால் எழுத்துக்கு உச்ச அளவு 8×8. நாற்பது ஆண்டுகளுக்கு முந்தைய ‘ண’ச் சிக்கல் அப்படியே திரும்பி வந்திருக்கிறது. அதை இரு பாதிகளாக வரைந்து அருகருகே வைப்பதே தீர்வு.

முடிவுரை

நினைவகச் சிக்கனத்தில் பிறந்த பிக்சல் கட்டம், பொருளாதாரக் காரணம் மறைந்த பின்னும் கலைவிதியாக நிலைத்தது. ஆனால் அந்த விதி எல்லா மொழிக்கும் ஒரே அளவில் பொருந்தியதில்லை. ஆகவே பாடசாலைகளிலும் கணினி மன்றங்களிலும் இக்கலையைக் கற்பிப்போர், அயல்நாட்டு விளையாட்டுப் பாத்திரங்களைப் பார்த்து வரையச் சொல்வதோடு நிறுத்தக்கூடாது. முதல் பயிற்சியாக ‘ப’வையும், இரண்டாவதாக ‘ண’வையும் கொடுக்க வேண்டும். முதலாவது கட்டத்துக்குள் வரையக் கற்றுத்தரும். இரண்டாவது அந்தக் கட்டம் யாருக்காக அமைந்தது என்று கேட்கவும், தேவைப்பட்டால் அதை மாற்றி அமைக்கவும் கற்றுத்தரும்.