தமிழ்ப் பௌத்தத்தில் காமம்

காமம் என்ற சொல் பாலி மொழியிலும் உண்டு, தமிழிலும் உண்டு. ஆனால் இரண்டிலும் அதன் பொருள் ஒன்றல்ல. பாலியில் அது ஐம்புல இன்பம் முழுவதையும் குறிக்கும். கண்ணுக்கினிய உருவம், இசை, மணம், சுவை, தொடுகை எல்லாம் அதனுள் அடங்கும். ஆண்-பெண் உறவு அதில் ஒரு பகுதி மட்டுமே. சங்கத் தமிழில் காமம் என்றால் காதல். அதில் இழுக்கு ஏதுமில்லை. இந்த இரண்டு பொருளும் நேருக்கு நேர் சந்தித்த இடம் மணிமேகலைக் காப்பியம். பல நூற்றாண்டுகள் கழித்து அந்த மரபைப் புதுப்பிக்க முனைந்தவர் அயோத்திதாச பண்டிதர்.

பௌத்தத்தின் நிலைப்பாடு புத்தரின் முதல் பேருரையிலேயே தெளிவாக இருக்கிறது. இன்பத்தில் மூழ்குவதும் உடலை வதைப்பதும் இரு எல்லைகள். இரண்டையும் விலக்கி நடுவழியில் செல்ல வேண்டும். துறவியருக்கு உடலுறவு முற்றாக விலக்கு. மீறினால் துறவியர் சங்கத்தில் இடமில்லை. இவ்விதி பிறந்த கதை மனத்தைத் தொடுவது. செல்வக் குடும்பத்தைவிட்டுத் துறவு பூண்ட சுதின்னரிடம், குடும்பத்துக்கு ஒரு வாரிசு வேண்டும் என்று தாய் வற்புறுத்தினாள். அவர் தம் பழைய மனைவியுடன் கூடினார். சங்கத்தின் முதல் பெருவிதிக்குக் காரணமானது கட்டுக்கடங்காத இச்சை அன்று. பேரப்பிள்ளைக்கு ஏங்கிய ஒரு தாயின் மன்றாட்டு.

இல்லறத்தாருக்கு அளவு வேறு. ஐந்து சீலங்களில் மூன்றாவது தகாத உறவை மட்டுமே தடுக்கிறது. இல்லற இன்பத்தைத் தடுக்கவில்லை. மறுபிறவியிலும் சேர்ந்து வாழ விரும்பிய நகுலபிதா, நகுலமாதா தம்பதியருக்குப் புத்தர் அதற்கான வழியையே சொன்னார். உபோசத நோன்பு நாளில் எட்டுச் சீலம் ஏற்கும்போதுதான் மூன்றாவது சீலம் முழுப் பிரமசரியமாக மாறும். அதுவும் ஒரு பகலுக்கும் இரவுக்கும்.

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் காலம் குறித்துக் கருத்து வேறுபாடு உண்டு. 6ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பார் பலர். அதன் நாயகி மணிமேகலை கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்தவள், கணிகையர் குலத்தவள். சோழ இளவரசன் உதயகுமரன் அவளை நாடி உவவனம் என்னும் சோலைக்கு வருகிறான். அவள் அங்கிருந்த பளிங்கு அறைக்குள் ஒளிந்துகொள்கிறாள். அவன் போன பிறகு தோழி சுதமதியிடம் அவள் சொல்வதுதான் காப்பியத்தின் உயிர்நாடி. தன்னை விலைக்குரியவள் என்று இகழ்ந்த அந்த அயலான் பின்னாலேயே தன் நெஞ்சு போனதாக அவள் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறாள். துறவுக்குப் போகும் பெண்ணின் மனத்தில் ஆசையே எழவில்லை என்று சாத்தனார் பொய் சொல்லவில்லை. இதைவிட நேர்மையான தொடக்கம் ஒரு சமயக் காப்பியத்துக்கு அமைவது அரிது.

அந்த ஆசைக்குக் காப்பியம் காரணமும் காட்டுகிறது. முற்பிறப்பில் உதயகுமரன் இராகுலன், மணிமேகலை அவன் மனைவி இலக்குமி. ஊறு என்னும் புலன் தொடர்பிலிருந்து நுகர்வு, நுகர்விலிருந்து வேட்கை, வேட்கையிலிருந்து பற்று என்று செல்லும் பன்னிரு சார்புகளின் கோவையில் காமமும் ஒரு கண்ணி. பாவம் என்று அஞ்சி நடுங்க வேண்டியதில்லை. காரணம் அறிந்து அறுக்க வேண்டும். பின்னர் காயசண்டிகை என்னும் பெண்ணின் உருவில் இருந்த மணிமேகலையை உதயகுமரன் தொடர்ந்தபோது, காயசண்டிகையின் கணவன் காஞ்சனன் அவளைத் தன் மனைவி என்றே எண்ணி, பொறாமையில் அவனை வெட்டி வீழ்த்துகிறான். அவள் கதறி அழுது உடலை நெருங்குகிறாள், தூணில் உறையும் தெய்வமான கந்திற்பாவை தடுக்கிறது. அவளுடைய பற்று ஒரே நாளில் அறவில்லை.

காமத்தை வெல்ல அவள் கையில் எடுத்தது அள்ளக் குறையாத உணவுப் பாத்திரமான அமுதசுரபி. தவச்சாலைக்குப் போகும் முன்பே பசித்தவருக்குச் சோறிட்டாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்தாள். காமத்தைவிடப் பசியே அவசரமான துன்பம் என்பது சாத்தனாரின் முடிவு. தமிழ்ப் பௌத்தம் உலகுக்குத் தந்த பெரிய சிந்தனை இதுவே என்பேன்.

அந்தப் பாத்திரத்தில் முதல் பிச்சை இட்டவள் துறவி அல்லள்; ஆதிரை என்னும் இல்லறத்தாள். கணிகையிடம் பொருளை இழந்த அவள் கணவன் சாதுவன், கலம் உடைந்து நாகர் தீவில் ஒதுங்குகிறான். நாகர் தலைவன் பெண்ணும் கள்ளும் ஊனும் கொடுக்கச் சொல்ல, அவன் மறுக்கிறான். இவை இல்லாமல் வாழ்வில் என்ன பயன் என்று தலைவன் கேட்கிறான். எல்லாவற்றையும் விடு என்று சாதுவன் கட்டளையிடவில்லை. மூத்துச் செத்த விலங்கின் ஊன் தவிர மற்ற உயிர்க்கொலையை விடு, கரை ஒதுங்கியவரைக் கொல்லாதே என்று அவனால் இயன்ற அளவே அறம் சொன்னான்.

மற்றொரு தமிழ்ப் பௌத்தக் காப்பியமான குண்டலகேசி பெரும்பாலும் அழிந்துவிட்டது. கள்வனைக் காதலித்து மணந்தவள், தன்னை மலையுச்சியிலிருந்து தள்ள வந்த அவனையே தள்ளிவிட்டுப் பிக்குணியான கதை அது.

பௌத்தம் தமிழ்நாட்டில் மங்கிய பின் இந்நூல்களை விளக்க ஆளில்லாமல் போயிற்று. உ.வே.சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தது 1898இல். அதே ஆண்டில்தான் அயோத்திதாசர் பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட்டுடன் இலங்கை சென்று சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். 1845இல் பிறந்த அவர், அதற்கு முன்பு நீலகிரியில் இருந்தபோது அத்துவைதானந்த சபையை நடத்தினார். 1891இல் உதகமண்டலத்தில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டினார். ஒடுக்கப்பட்ட மக்களின் உரிமைகளே அங்கே பேசப்பட்டன.

அவர் சித்த மருத்துவர், குடும்பஸ்தர். அவர் கட்டிய பௌத்தமும் குடும்பஸ்தரின் பௌத்தமே. தாழ்த்தப்பட்டோர் ஒழுக்கமற்றவர் என்ற பழியைச் சுமத்திய சமூகத்துக்கு முன்னால், பஞ்சசீலத்தை அவர் தன்மானத்தின் அடையாளமாக நிறுத்தினார். மூன்றாம் சீலம் அங்கே தனிமனித அடக்கத்தோடு நிற்கவில்லை. ஒரு சமூகத்தின் மதிப்பாகவும் ஆனது. 1907 முதல் அவர் நடத்திய ‘ஒரு பைசாத் தமிழன்’, பிறகு ‘தமிழன்’ இதழ்களில் பாலி மூலத்தைவிடத் தமிழ் நூல்களையே அதிகம் ஆதாரமாகக் கொண்டார்.

திருக்குறளையும் அவர் பௌத்த நூலாகவே கொண்டு, திரிபிடகத்தோடு இணைத்துத் ‘திரிக்குறள்’ என்றார். காமம், வெகுளி, மயக்கம் மூன்றும் கெட வேண்டும் என்ற கருத்து குறளிலும் இருக்கிறது. அதே நூலில் காமத்துப்பாலும் 25 அதிகாரங்களோடு இருக்கிறது. இரண்டையும் ஒரு பௌத்தர் எப்படிப் பொருத்திக் காட்டுவார் என்பதற்கு அவரிடம் விடை தேடலாம். ஆனால் 1914 மே 5ஆம் நாள் அவர் காலமானபோது, குறளுக்கு அவர் எழுதிவந்த உரை பாதியில் நின்றது. காமத்துப்பால் வரை அது எட்டவில்லை.